காப்பி எடிட்டர்களின் மாநாடு: சில குறிப்புகள்

தன் பெயர் எங்கும் வராமலிருப்பதே வேலை ஒழுங்காக நடந்ததற்கு அத்தாட்சி என்று கொள்கிற தொழில் ஒன்று பத்திரிகையில் உண்டு. நம் நாளிதழ் அலுவலகங்களில் சப்-எடிட்டர். அமெரிக்காவில் காப்பி எடிட்டர். நிருபர் எழுதியதை வாசகனுக்கு முன்பாக வாசிக்கிறவர். இவர்கள் சட்டையில் பெயர் அட்டை குத்திக்கொண்டு கூடுவதில் ஒரு முரண் இருக்கிறது. 1997இல் தோன்றிய அமெரிக்கன் காப்பி எடிட்டர்ஸ் சொசைட்டியின் ஆண்டு மாநாடு அத்தகையது.

அமர்வுகளில் தகவல்களைச் சரிபார்ப்பது பற்றியும் பேசுகிறார்கள். ஆனால் வெளியே செய்தியாவது அதுவல்ல. அசோசியேட்டட் பிரஸ் தன் நடைக் கையேட்டில் செய்யும் மாற்றங்களை அங்கே வந்து அறிவிப்பதுதான். 2011இல் ஃபீனிக்ஸில் 'இ-மெயில்' தன் சிறுகோட்டை இழந்தது. 2014இல் லாஸ் வேகஸில், எண்ணிக்கையைக் குறிக்க 'மோர் தேன்' போலவே 'ஓவர்' என்ற சொல்லும் வரலாம் என்றார்கள். மேசைக்கு மேல், நூறு பேருக்கு மேல் என்று இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சௌகரியமாக இருக்கும் நமக்கு, இதற்காக எழுந்த துக்கம் விளங்காது. அது இலக்கணத்துக்கான துக்கமல்ல. பெயரில்லாதவனுக்கு விதி ஒன்றுதான் சொத்து.

ஆனால் விதி இந்தத் தொழிலின் சாரம் அல்ல, சந்தேகம்தான் சாரம். இரண்டாம் பத்தியில் 40 வயதானவர் எட்டாம் பத்தியில் 43 ஆகிவிடுகிறார். பங்குகளைக் கூட்டினால் நூற்றுக்கு 108 வருகிறது. வழக்கு முடியுமுன்னே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். இங்கெல்லாம் கையேடு மட்டும் போதாது. நின்று, 'இது எப்படி?' என்று கேட்கிற ஒருவர் வேண்டும். தம்மை விதிகளின் காவலராகவே உலகுக்குக் காட்டிக்கொண்டது இவர்கள் தமக்கே இழைத்துக்கொண்ட தீங்கு என்பேன். விதியைக் காக்க இயந்திரம் போதும் என்று நிர்வாகம் நினைப்பது அதற்கடுத்த படிதான்.

2017 இரண்டையும் ஒருசேரக் காட்டியது. அவ்வாண்டு மாநாட்டில், 'அவன்', 'அவள்' இரண்டையும் தமக்குப் பொருந்தாதவையாகக் கொள்கிறவர்களுக்குப் பன்மைச் சொல்லான 'தே'யை ஒருமையிலும், வரம்புக்குட்பட்டு, வழங்கலாம் என்று ஏற்றார்கள். பன்மை வடிவான 'அவர்' ஒருவரைக் குறிக்க வந்து நெடுங்காலமான நம் மொழியில் இது புதிதல்ல. என்றாலும், இந்த வாக்கியம் யாரைப் பற்றியது என்ற கேள்வியிலிருந்து பிறந்த விதி இது, ஆகவே மதிக்கத்தக்கது. சில மாதங்களில் நியூயார்க் டைம்ஸ், 100 பேருக்கு மேல் இருந்த தன் தனிக் காப்பி டெஸ்க்கைக் கலைத்தது. ஜூனில் ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தும் பயனில்லை.

சொசைட்டி இன்றும் இருக்கிறது, சொசைட்டி ஃபார் எடிட்டிங் என்ற பெயரில். புத்தகப் பதிப்பாளர்களிடமும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள், தனியாகத் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள். பெயரிலிருந்து 'காப்பி' போய்விட்டது. நாளிதழ்களிலும் அந்த மேசைகள் குறைந்துகொண்டு வருகின்றன. பிரதியை நம்பாத முதல் வாசகர் போனபின், அவருடைய சந்தேகத்தை இனி ஒவ்வொரு வாசகனும் தானே சுமக்க வேண்டும். பெரும்பாலோர் சுமக்கமாட்டார்கள்.