தை மாதச் சுவரும் சித்திரைச் சுவரும்

மன்னார்குடி, திருவாரூர் பக்கம் மாசி மாதம் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். பொங்கலுக்குப் பெயின்ட் அடித்த வீடுகளில் சில, தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கொப்பளித்து நிற்கும். கொப்புளத்தை விரலால் அழுத்தினால் பெயின்ட் தோலாக உரியும். உள்ளிருந்து உப்பு மாவாக உதிரும். மட்டமான பிரைமர் என்று வீட்டுக்காரர் கடைக்காரரைத் திட்டுவார். பெரும்பாலும் குற்றம் டப்பாவில் இல்லை. அடித்த மாதத்தில் இருக்கிறது.

டெல்டாவில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். வயலில் சம்பாவுக்குத் தண்ணீர் நிற்கும்போது வீட்டு அடிச்சுவரிலும் ஓதம் ஏறும். மார்கழிப் பனியில் அது காயாது. ஆனாலும் தை பிறப்பதற்குள் வீடு பளிச்சென்று இருந்தாக வேண்டும். இந்த வழக்கம் சுண்ணாம்புக்கு ஏற்பட்டது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகுவது. இறுக அதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அடித்த பிறகும் அதன் நுண்துளைகள் வழியே சுவர் மூச்சு விடும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் சோழ ஓவியர்கள் இந்தக் குணத்தைத்தான் பயன்படுத்தினார்கள். ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்வழியில், சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டினார்கள். சாந்து இறுக இறுக வண்ணமும் சேர்ந்து இறுகியது. பிற்பாடு நாயக்கர் காலத்தில் அதன்மேல் புதுப் பூச்சு பூசி வேறு ஓவியங்கள் வரைந்தார்கள். அந்த மேற்பூச்சு பெயர்ந்த இடங்களில்தான் 1931இல் ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி சோழர் ஓவியங்களைக் கண்டார்.

கடலுக்கு அப்பால் இலங்கையின் சிகிரியாவில், ஐந்தாம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் காலத்து ஓவியர்களும் பாறைமேல் நேரே வண்ணம் வைக்கவில்லை. களிமண்ணில் நெல் உமியும் நாரும் பிசைந்து முதல் பூச்சு; மேலே சுண்ணாம்புப் பூச்சு; அதற்கும் மேலேதான் தூரிகை. உமியும் நாரும் மண் வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும். நம் பக்கத்து மண்சுவர்க்காரர்கள் வைக்கோலை மிதித்துக் குழைத்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

இன்றைய வீடுகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் மழை ஒன்று; கடற்காற்றின் உப்பு அவர்களுக்குக் கூடுதல். ஆனால் இலங்கையில் சிங்களவரும் தமிழரும் கொண்டாடும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது பரவலான வழக்கம். யாழ்ப்பாணச் சுவருக்கு அதற்குள் மாசி, பங்குனி வெயில் கிடைத்துவிடுகிறது. பொங்கலுக்கே அடிக்கும் வீடுகள் அங்கும் உண்டு. அவர்களுக்கும் நம் தொல்லைதான். எமல்ஷன் சுண்ணாம்பைப் போலச் சுவரை மூச்சு விட விடாது; அதை அடிப்பவருக்கு இரண்டில் சித்திரைக் கணக்கே சரி என்பேன்.

பிரைமரின் வேலை மூன்று: சுவர் பெயின்ட்டை ஏற்றத்தாழ்வாக உறிஞ்சாமல் தடுப்பது, மேற்பூச்சுக்குப் பிடிமானம் தருவது, சிமென்ட்டின் காரத்தை மட்டுப்படுத்துவது. ஈரத்தைக் குணப்படுத்துவது அதில் இல்லை. அதனால் முதலில் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்புறம் வியர்த்திருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள். புதுச் சிமென்ட் பூச்சுக்கு 28 நாளாவது வேண்டும். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை ஒட்டினால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தே தீர வேண்டும். பொடியின்மேல் அடித்த பிரைமர் பொடியோடு போய்விடும்.

பட்டி பார்ப்பதில்தான் குழப்பம் அதிகம். வெள்ளை சிமென்ட் பட்டிக்கு அடியில் பிரைமர் வேண்டாம். சுவரை லேசாக நனைத்துப் பூசுவார்கள். அக்ரிலிக் பட்டிக்கு முதலில் பிரைமர். இரண்டிலும் பட்டி காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தூசி துடைத்த பிறகு ஒரு கோட் பிரைமர் கட்டாயம். தண்ணீர் கலக்கும் அளவு டப்பாவிலேயே அச்சடித்திருக்கும்; கலக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இரும்புக் கிரில்லுக்கும் மரக் கதவுக்கும் பிரைமர் வேறு வேறு.

பழைய செங்கல், சுண்ணாம்புச் சாந்து வீடு உள்ளவர்கள் எமல்ஷன் பக்கமே போகாமல் சுண்ணாம்பையே தொடருங்கள். மற்றவர்கள் பொங்கலுக்குச் சுவரைக் கழுவித் துடைத்து, வாசலில் கோலம் போட்டு, பண்டிகையைக் கொண்டாடுங்கள். பிரைமரைப் பங்குனியில் வாங்கிக்கொள்ளலாம்.