இஸ்பேடுக்குள் இருக்கும் வாள்

சீட்டுக்கட்டிலிருந்து இஸ்பேடு ஆஸை மட்டும் எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். காம்போடு நிமிர்ந்து நிற்கும் அரசிலை போல ஒரு கறுப்பு உருவம். பிரெஞ்சுக்காரர் அதை ஈட்டி என்கிறார்கள். ஆங்கிலேயர் ‘ஸ்பேட்’ என்கிறார்கள். மண்வெட்டி என்று அதற்குப் பொருள்கொள்வோர் பலர். ஆனால் அது மண்ணைத் தோண்ட வந்த பெயரல்ல. இத்தாலிய மொழியில் ‘ஸ்பாதா’, ஸ்பானிய மொழியில் ‘எஸ்பாதா’ என்றால் வாள். படம் வாளைக் கைவிட்டு ஐந்நூறு ஆண்டுகள் ஆகியும் பெயர் அதைக் கைவிடவில்லை. நான்கு இனங்களில் இஸ்பேடின்மீது எனக்குத் தனிப் பற்று உண்டானது இதனால்தான்.

அந்த வாளைத் தேடிப் போனால் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளிடம் சென்று சேர்வோம். இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையில் இருக்கும் மம்லூக் கட்டில் 47 சீட்டுகள் எஞ்சியுள்ளன, முழுக்கட்டுக்கு 52. கிண்ணம், நாணயம், போலோ மட்டை, வளைவாள் என்று நான்கு இனங்கள். அரசன், துணைவன், இரண்டாம் துணைவன் ஆகியோருக்கு மனித உருவம் கிடையாது, பெயர் எழுத்து மட்டுமே. மம்லூக் அவையில் ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சின்னம் இருந்தது: பானம் பரிமாறுபவருக்குக் கிண்ணம், ஆயுதம் தாங்குபவருக்கு வாள். சீட்டில் உள்ள வாளையும் அந்த அவையின் பின்னணியில் பார்ப்பதே பொருத்தம் என்று நினைக்கிறேன். இஸ்பேடு படைவீரர், ஹார்ட்டின் திருச்சபை, டைமன் வணிகர், கிளாவர் உழவர் என்று பல நூல்கள் விளக்கம் சொல்கின்றன. கேட்க அழகாக இருந்தாலும், படங்கள் நிலைத்த பின்பு யாரோ ஏற்றிய பொருள் அது என்றே எனக்குப் படுகிறது.

மம்லூக் சீட்டு ஐரோப்பாவுக்கும் சென்றது. 1377-இல் புளோரன்ஸ் நகரம் சீட்டாட்டத்துக்குத் தடை விதித்தது. ஐரோப்பாவில் சீட்டு பரவியதற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. அதன்பின் வாள் ஊருக்கு ஊர் வெவ்வேறு வடிவம் கொண்டது. வடஇத்தாலிய மரபு மம்லூக் வளைவை விடவில்லை. வாள்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஒற்றைப்படை எண்ணில் மட்டும் நடுவே ஒரு நேர்வாள் நிற்கும். பழக்கமில்லாத கண்ணுக்கு ஏழா, ஒன்பதா என்று எண்ணவே சிரமம்.

ஸ்பானிய மரபு இந்தச் சிக்கலை அவிழ்த்துவிட்டது. வாள்கள் குட்டையாக, நேராக, தனித்தனியாக நிற்கின்றன. அதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்றும் உண்டு. சீட்டைச் சுற்றி ஓடும் கோட்டில் இடைவெளி விட்டிருப்பார்கள்: நாணயத்துக்கு இடைவெளி இல்லை, கிண்ணத்துக்கு ஒன்று, வாளுக்கு இரண்டு, போலோ மட்டையின் இடத்தில் வந்த தடிக்கு மூன்று. கையிலுள்ள சீட்டை விரிக்காமல், ஓரத்தை மெல்ல நகர்த்தியே இனத்தை அறிந்துகொள்ளலாம். எதிராளியின் கண்ணுக்கு எதுவும் படாது. ஆடுபவரின் கையை அறிந்த ஒருவர்தான் இதை யோசித்திருக்க முடியும். நேபிள்ஸ், சிசிலி பக்கமும் இந்த ஸ்பானிய வாளே வழங்குகிறது.

ஜெர்மானியர் வாளை விட்டு இலையை எடுத்துக்கொண்டார்கள், சுவிஸ்காரர் கேடயத்தை. 1480 வாக்கில் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்ததுதான் இன்று நாம் காணும் உருவம். ஜெர்மன் இலையைச் சற்றுக் கூராக்கினால் இது வந்துவிடும். இதன் வெற்றிக்குக் காரணம் அழகு மட்டுமல்ல, செலவும்தான். ராஜா, ராணி, ஜாக்கிக்கு மட்டும் மரக்கட்டை செதுக்கினால் போதும். மற்றச் சீட்டுகளுக்கு வெட்டிய தகட்டை வைத்து, கறுப்போ சிவப்போ தடவிவிடலாம். ரூவான் நகரத்திலிருந்து இந்தச் சீட்டுகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. அங்கே ஏற்கெனவே அறிந்திருந்த வாளின் பெயர் இந்தப் புதிய உருவத்தின்மேல் ஒட்டிக்கொண்டது.

இஸ்பேடு ஆஸ் மட்டும் ஏன் பூவேலையோடு பெரிதாக இருக்கிறது என்று பலரும் கேட்பதுண்டு. வரிதான் காரணம். 1765 முதல் அந்த ஒரு சீட்டை இங்கிலாந்தின் முத்திரை அலுவலகமே அச்சிட்டது. வரி கட்டியதற்கு அதுவே சான்று. அதைப் போலியாக அச்சிட்ட குற்றத்துக்காக ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805-இல் தூக்கிலிட்டார்கள். ஒரு சீட்டுக்கு ஓர் உயிர்! 1862-இல் அரசு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. காலியான அந்த இடத்தில் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரையும் சின்னத்தையும் பொறிக்கத் தொடங்கினார்கள்.

நம் ‘இஸ்பேடு’ போர்த்துக்கீசிய ‘எஸ்பாதா’ வழியாக வந்ததென்றாலும், ஆங்கில ‘ஸ்பேட்’ வழியாக வந்ததென்றாலும், இரண்டுக்கும் பின்னால் நிற்பது வாள்தான். அதே கட்டில் உள்ள கிளாவருக்கோ உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். டச்சு மொழியில் ‘கிளாவர்’ என்றால் மூவிலைப் புல். 1658-இல் டச்சுக்காரர் கைக்குப் போன யாழ்ப்பாணத்திலோ இஸ்பேடுக்கு ‘ஸ்கோப்பன்’ என்று பெயர். டச்சு மொழியில் அதற்கு மண்வெட்டிகள் என்று பொருள். ‘முந்நூற்று நான்கு’ என்னும் சீட்டாட்டம் ஆடும் வீடுகளில் அந்தச் சொல் இன்றும் ஒலிக்கிறது.