கடலில் இறங்காதவரின் கடல்: பீச் பாய்ஸ் பாடல்களுக்குள் நுழைய

பீச் பாய்ஸ் என்று பெயரைச் சொன்னாலே தோழர்கள் சிலருக்கு முகம் சுளிக்கிறது. கடற்கரை, கார், பெண் - அமெரிக்க நுகர்வுக் கலாச்சாரத்தின் விளம்பரப் பலகைக்கு இசை போட்டவர்கள் என்பது அவர்கள் தீர்ப்பு. இந்தப் பக்கம், பிரையன் வில்சனை மேதை என்று கும்பிட்டு முடித்துக்கொள்கிற ரசிகர் கூட்டம். 2025 ஜூனில் அவர் இறந்தபோது அந்தக் கும்பிடு உச்சத்துக்குப் போயிற்று. இரண்டு தரப்புமே பாட்டைக் கேட்பதில்லை என்பதுதான் என் புகார். இவர்களை இதுவரை கேட்டேயிராத ஒருவர் எங்கே தொடங்கலாம் என்ற கேள்வியை வைத்துக்கொண்டே இதைப் பேசிப் பார்க்கலாம்.

அலைச்சறுக்குப் பாட்டுகளில் தொடங்க வேண்டாம். 1963இல் வந்த 'இன் மை ரூம்' என்ற சின்னப் பாட்டைப் போடுங்கள். ஒரு பையன் தன் அறைக்குள் போய்ப் பயத்தையும் கவலையையும் இறக்கி வைக்கிறான். அவ்வளவுதான் விஷயம். ஒற்றைக் குரலாகத் தொடங்கும் பாட்டில் மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸின் புறநகரான ஹாதார்னில் வில்சன் சகோதரர்கள் மூவரும் - பிரையன், டென்னிஸ், கார்ல் - ஒரே படுக்கையறையில் வளர்ந்தவர்கள். ராத்திரிகளில் அங்கே சேர்ந்து பாடிப் பழகியவர்கள். கதவுக்கு வெளியே தகப்பனார் மர்ரி வில்சன். பாட்டெழுதிப் பேர் வாங்க முடியாத மனிதர், பிள்ளைகளை அடிப்பவர். இவர்களது குரல் இணைவைச் சும்மா 'இனிமை' என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. அது ஒண்டிக்கொள்வதன் ஓசை.

இந்த அறையிலிருந்துதான் அந்தக் கடல் புறப்படுகிறது. 1961இல் அத்தை மகன் மைக் லவ்வும் நண்பர் அல் ஜார்டினும் சேர்ந்து குழுவானபோது, ஐந்து பேரில் உண்மையாகவே அலையேறியவர் டென்னிஸ் ஒருவர்தான். பாட்டுகளைக் கட்டிய பிரையன் அலைச்சறுக்குக்காரர் அல்ல. தம்பி வந்து சொன்ன கதைதான் அவருக்குக் கடல். எனவே இந்தக் கடற்கரையை அனுபவப் பதிவாக வாசிப்பதில் அர்த்தமில்லை. முழுக்க முழுக்க ஒரு புனைவு அது. யாரைக் கொண்டு கட்டிய புனைவு, யாரை வெளியே நிறுத்திய புனைவு என்று கேட்டால்தான் அரசியல் தொடங்குகிறது.

1963 மார்ச்சில் வெளியான 'சர்ஃபின் யு.எஸ்.ஏ.'வை எடுத்துக்கொள்வோம். நாடு முழுக்கக் கடல் இருந்துவிட்டால் எல்லோரும் அலையேறலாமே என்பது அதன் கனவு. மெட்டு 1958இல் சக் பெர்ரி பாடிய 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்'. பாட்டு வெளிவந்தபோது அந்தக் கறுப்பினக் கலைஞர் சிறையில் இருந்தார். தட்டில் முதலில் இருந்த பெயர் பிரையனுடையது. உரிமை பெர்ரியின் பதிப்பகத்துக்குப் போனது, பெர்ரியின் பெயர் பிற்பாடுதான் தட்டில் ஏறியது. அலைச்சறுக்கோ ஹவாய்த் தீவின் பூர்வகுடிகளிடமிருந்து வந்தது. ஆக, மெட்டு ஒருவருடையது, விளையாட்டு இன்னொருவருடையது, தலைப்பில் நிற்பது தேசத்தின் பெயர். அந்தத் தேசத்தின் கடற்கரையில் யார் இருக்கிறார்கள்? 'கலிஃபோர்னியா கேர்ள்ஸ்' 1965 ஜூலையில் வந்தது. ஆகஸ்டில், ஹாதார்னிலிருந்து சில மைல் தள்ளியுள்ள வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்களின் எழுச்சி வெடித்து 34 பேர் செத்தார்கள். அந்தச் சில மைலைப் பீச் பாய்ஸின் எந்தக் காரும் கடக்கவில்லை.

தமிழ் படித்தவனுக்கு இங்கே நெய்தல் என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். கடல் இருக்கிறது, இரங்கல் இருக்கிறது. ஆனால் நெய்தலில் மீன் காய்கிறது, உப்பு விளைகிறது. இவர்களுடைய கரையில் ஒருத்தரும் வேலை செய்வதில்லை.

வேலை வேறொரு இடத்தில் நடந்தது. 1964 டிசம்பரில் விமானத்தில் மனம் உடைந்து அழுத பிரையன், கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டு ஸ்டூடியோவுக்குள் போனார் (மறுபடியும் ஓர் அறை). அங்கே கூலிக்கு வாசித்தவர்களில் பேஸ் கிதார் வாசித்த கேரல் கே, டிரம்ஸ் வாசித்த ஹால் பிளெய்ன் போன்றவர்களை அன்றைக்குக் கேட்டவர்களுக்குத் தெரியாது. 1966 மே மாதம் வந்த 'பெட் சவுண்ட்ஸ்' தொகுப்பின் பெரும்பகுதி அவர்களது கைகளால் ஆனது. அதில் 'காட் ஒன்லி நோஸ்' பாட்டைக் கேட்கும்போது மேலே பாடுகிற கார்லை விட்டுவிட்டுக் கீழே பேஸைப் பின்தொடருங்கள். ஸ்வரக் கூட்டின் ஆதார ஸ்வரத்தில் அது பல இடங்களில் உட்காருவதில்லை. பக்கத்து ஸ்வரமொன்றில் சாய்ந்து நிற்கிறது. காதல் உறுதிமொழிக்கு அடியில் தரை மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிரையனுக்கு வலது காது ஏறக்குறையக் கேட்காது. அவர் கலந்தது மோனோவில்தான். முதல் தடவை அப்படியே கேட்பது நல்லது.

இந்த இடத்திலிருந்து பழைய கார்ப் பாட்டுகளுக்குத் திரும்பினால் அவை வேறாகக் கேட்கும். 'டோண்ட் வொர்ரி பேபி' (1964) பந்தயக் கார் ஓட்டுகிறவன் பாட்டு. வாய்க்கு வந்தபடி பீற்றிக்கொண்டுவிட்டான், இப்போது பின்வாங்க முடியாமல் நடுங்குகிறான், காதலி தேற்றுகிறாள். இதைப் பிரையன் பாடுவது ஆண்மையின் கட்டைக்குரலில் அல்ல, உச்சத்தில் எழும் கள்ளக்குரலில். ஆண்மையைக் கொண்டாட வந்த பிரதி ஆணின் தொண்டையிலேயே விரிசல் விடுகிறது. சொற்களை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுகிற நம் விமர்சனப் பழக்கத்துக்கு இது எட்டாது.

சரி, விரிசல் எல்லாவற்றையும் மன்னித்துவிடுமா? மன்னிக்காது. 1971இல் வந்த 'சர்ஃப்ஸ் அப்' தொகுப்பில் மைக் லவ் பாடும் 'ஸ்டூடண்ட் டெமான்ஸ்ட்ரேஷன் டைம்' இருக்கிறது. 1954இல் ராபின்ஸ் என்ற கறுப்பினக் குழு பாடிய சிறைக் கலகப் பாட்டின் மெட்டு, சொற்கள் புதியவை. முந்தைய ஆண்டு கென்ட் ஸ்டேட்டில் நான்கு மாணவர்களையும் ஜாக்சன் ஸ்டேட்டில் இரண்டு பேரையும் சுட்டுக் கொன்றதைப் பேசிவிட்டு, கலவரம் நடக்கிற இடத்திலிருந்து ஒதுங்கி நில் என்று புத்தி சொல்கிறது. ராபின்ஸின் பாட்டில் பேசுகிறவன் சிறைக்குள் இருக்கும் கைதி. இதில் பேசுகிறவர் வெளியே ஒலிபெருக்கிக் குரலோடு நிற்கிறார். மெட்டை எடுத்தார்கள், நின்ற இடத்தை எடுக்கவில்லை. இதே குழுவில்தான் வியட்நாம் போருக்கான ராணுவச் சேர்ப்பை மறுத்து 1967இல் கைதான கார்லும் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பாட்டைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள், கேளுங்கள். கேட்டுவிட்டு அதே தட்டில் உள்ள 'டில் ஐ டை'க்கு வாருங்கள். பிரையன் தானே எழுதியது. பத்து வருஷமாகப் பாடிய கடல் இங்கே முதல்முறையாகப் பயமுறுத்துகிறது. பலகை இல்லை, கரை இல்லை, பெருநீரில் மிதக்கிற அற்பப் பொருளாக ஒரு மனிதர். குரல்கள் பழைய மாதிரியே ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் ஒண்ட அறை இல்லை. பிரையனின் பாட்டு உரிமைகளை வைத்திருந்த கம்பெனிக்கு 'சீ ஆஃப் ட்யூன்ஸ்' என்று பெயர் - மெட்டுகளின் கடல். 1969இல் தகப்பனார் அதை 7 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். ஹாதார்ன் வீட்டை 1980களில் நெடுஞ்சாலைக்காக இடித்தார்கள். 1983 டிசம்பர் 28 அன்று, நிஜமாகவே அலையேறத் தெரிந்த டென்னிஸ் லாஸ் ஏஞ்சலிஸ் கரையோரப் படகுத்துறையில் மூழ்கி இறந்தார்.

1988இல் பிரையன் இல்லாமல் இவர்கள் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'கோகோமோ' என்று ஒன்று உண்டு. இல்லாத ஒரு தீவுக்கு உல்லாசப் பயணம் அழைக்கிற பாட்டு. முகம் சுளிக்கிற தோழர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் சுளிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.