பாலையமும் பன்மையும்: ஓர் ஆங்கில இலக்கண வினா

பாலறியா ஒருவரைத் ‘தே’ என்னும் படர்க்கைப் பன்மைப் பெயராற் சுட்டுதல் பிழையா என்பது ஆங்கிலம் பயில்வோர் ஓயாது எழுப்பும் வினா. இவ்வழக்கு 14ஆம் நூற்றாண்டு முதல் உண்டு. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் இதனை ஆண்டுள்ளனர். 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூலார் சிலரோ ஆண்பாற் சொல்லே பெண்பாலையும் அடக்கும் என விதித்தனர். 1850இல் பிரித்தானியச் சட்டமொன்றும் சட்ட வாசகங்களுக்கு அவ்வாறே கூறிற்று. ஆயினும், 1868இல் பெண்கள் வாக்குரிமை கோரிய வழக்கில், ஆடவரைச் சுட்டிய சொல் பெண்டிரையும் குறிக்கும் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுவெனப்பட்ட சொல் உரிமை வழங்குமிடத்துப் பொதுவாகவில்லை.

‘தே’ வழக்கிற்குத் தமிழில் ஒப்புத் தேடுவார்க்கு உயர்வு குறித்த ‘அவர்’ முதலில் தோன்றும். அது முற்றும் பொருந்தாது. தொல்காப்பியக் கிளவியாக்கம் அத்தகைய பன்மையை வழக்கெனக் கொண்டு, இலக்கண நெறியினின்று பிரிக்கிறது. நெருங்கிய ஒப்பு அதே இயலின் பாலையக் கிளவியே. உயர்திணை எனத் தெரிந்தும் ஆணோ பெண்ணோ என ஐயுறுமிடத்துப் பன்மை கூறுக என்பது அங்கு விதி. ஆங்கில நூலார் வழுவென ஒதுக்கியது தமிழில் நெறியாயிற்று.

எனினும், இவ்விதி ஐயத்துக்கே உரியது. ஆண், பெண் என்னும் இருபாலுள் தம்மை அடக்காதோர் இன்று தமக்கெனத் தேரும் ‘தே’ இதனுள் அடங்காது, அங்கு ஐயமில்லை. இவ்வேறுபாட்டைக் காட்டாத ஒப்பீடு நிறைவுறாது.