தோல்பைக் கடைக்கு மேல்மாடி

பீட்டில்ஸைப் பற்றிய எந்த ஆவணப்படத்தை எடுத்தாலும் முதல் ஐந்து நிமிடம் ஒன்றுபோலவே இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் நனைந்த லண்டன் தெரு. எண்ணெய் தடவி முன்மயிரைச் சுருட்டிவிட்ட ஒரு பையன் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். பின்னணியில் ஒரு குரல் சொல்லும்: எல்விஸ் பட்டாளத்துக்குப் போனார், பட்டி ஹாலி விமான விபத்தில் இறந்தார், பிரிட்டனில் மழமழ முகங்கள் ஏதோ பாடிக்கொண்டிருந்தன, அப்புறம் லிவர்பூலிலிருந்து நால்வர் வந்தார்கள். 1959-க்கும் 1963-க்கும் நடுவே வெறும் மணல் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத செய்தியாகிவிட்டது. நமக்கு இந்தக் கதை பழகியதுதான். சங்கத்துக்கும் பல்லவருக்கும் இடையில் நடந்ததைச் சொல்லத் தெரியாதபோது ‘களப்பிரர் காலம், இருண்ட காலம்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போனோம். பிறகு அந்த இருட்டுக்குள்ளிருந்தே நூல் நூலாக எடுத்து அடுக்கினோம்.

பிரிட்டனின் இருண்ட காலத்திலிருந்தும் எடுத்து அடுக்க நிறைய இருக்கிறது. அதில் பெரும்பகுதி வடக்கு லண்டனில் ஒரு தோல்பைக் கடைக்கு மேலிருந்த வாடகை மாடியிலிருந்து வந்தது.

முன்கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ 1952 நவம்பரில் விற்பனைப் பட்டியலைத் தொடங்கியபோது முதலிடத்தில் இருந்தவர் அமெரிக்கரான அல் மார்ட்டினோ. அதன்பின் லோனி டோனகனின் ஸ்கிஃபிள் அலை, சோஹோவின் 2ஐஸ் காபிக் கடை, டாமி ஸ்டீல், லக்னோவில் பிறந்து 1948-ல் இங்கிலாந்து போன ஹாரி வெப் என்கிற கிளிஃப் ரிச்சர்ட். இதெல்லாம் தெரிந்ததே. அறுபது பிறந்தபோது நிலைமை இதுதான்: இ.எம்.ஐ., டெக்கா, பை, பிலிப்ஸ் என்று நான்கு நிறுவனங்கள் தட்டுச் சந்தையைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. இசைக் கலைஞர் சங்கத்தோடும் தட்டு நிறுவனங்களோடும் இருந்த ஒப்பந்தத்தால் பிபிசி ஒரு நாளில் சொற்ப நேரமே இசைத்தட்டு ஒலிபரப்ப முடிந்தது. பிள்ளைகள் இரவில் போர்வைக்குள் ரேடியோ லக்ஸம்பர்க்கைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

‘முதலிடம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். அன்று அதிகாரபூர்வப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. நான்கைந்து பத்திரிகைகள் தத்தம் கடைகளைக் கேட்டுத் தத்தம் பட்டியலைப் போட்டன. பிபிசி அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டது. 1960 மார்ச்சில் தொடங்கிய ‘ரெக்கார்ட் ரீட்டெய்லர்’ பட்டியலைப் பின்னாளில் கின்னஸ் புத்தகத்தார் ஆதாரமாகத் தேர்ந்தார்கள், அதுவே வேதமானது. விளைவு வேடிக்கையானது. ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963 தொடக்கத்தில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’, ‘மெலடி மேக்கர்’ இரண்டிலும் முதலிடம். ஆனால் வேதத்தின்படி இரண்டாமிடம், மேலே உட்கார்ந்திருந்தவர் ஃபிராங்க் ஐஃபீல்ட். ஆக, புதுயுகத்தின் பிறந்தநாளே ஒரு பதிப்பகத்தார் கணித்த ஜாதகம்.

மணல் இருந்ததை நான் மறுக்கவில்லை. ஐஃபீல்டே சாட்சி. கவென்ட்ரியில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இவர், தொண்டையைச் சட்டென்று உடைத்து யோடல் பாடும் ஒரே வித்தையை வைத்துக்கொண்டு 1962 கோடையில் ‘ஐ ரிமெம்பர் யூ’வோடு ஏழு வாரம் முதலிடத்தில் குடியிருந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பிய எல்விஸ் 1960 கடைசியிலிருந்து 1962 முடிவதற்குள் ஒன்பது முறை முதலிடம் பிடித்தார். அதில் ‘வுடன் ஹார்ட்’ போன்ற தாலாட்டுகளும் சேர்த்தி. கிளிஃப் ஆண்டுக்கு ஆண்டு நல்ல பிள்ளையாகிக்கொண்டே போனார். ‘மூவ் இட்’ பாடிய தொண்டை அந்த ‘பேச்சிலர் பாய்’க்கு வந்து சேர்ந்ததை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இதே பட்டியலில் வேறொன்றும் இருக்கிறது. 1960 ஆகஸ்டில் ஜானி கிட் அண்ட் தி பைரேட்ஸின் ‘ஷேக்கின் ஆல் ஓவர்’ முதலிடம். தட்டின் பின்பக்கத்துக்கென்று ஒப்பேற்றிய பாட்டு அது. ஜோ மொரெட்டி கிதார்க் கம்பிமேல் சிகரெட் லைட்டரை இழுத்து எழுப்பிய அந்த நடுக்கத்தை இன்று கேட்டாலும் முதுகுத்தண்டு சிலிர்க்கிறது. மூன்றே வாரத்தில் ஷேடோஸின் ‘அப்பாச்சி’. ஜெர்ரி லார்டன் சுற்றுப்பயணப் பேருந்தில் உகுலேலேயில் வாசித்துக் காட்டிய மெட்டு. ஹேங்க் மார்வின் கையில், கிளிஃப் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த சிவப்பு ஃபெண்டர். அதனோடு ஒரு எதிரொலிப் பெட்டி. ஒவ்வொரு சுரமும் தன் நிழலை இழுத்துக்கொண்டு நடந்தது.

‘அப்பாச்சி’ தொடங்கி 1963 மார்ச்சின் ‘ஃபுட் டேப்பர்’ வரை எண்ணிப் பாருங்கள்: ஒன்பது வாத்திய இசைத் தட்டுகள் பிரிட்டனில் முதலிடம் பிடித்தன. ‘வொண்டர்ஃபுல் லேண்ட்’ மட்டும் எட்டு வாரம். அதன் பிறகு 1968 நவம்பர் வரை ஒன்றுகூட இல்லை. வெறும் ஒலிக்காகவே, பாடகன் முகமோ பாட்டின் சொல்லோ இல்லாமலே, பிள்ளைகள் கடையில் போய்க் காசு கொடுத்த இரண்டரை ஆண்டுகள் அவை. இதைப் பாலைவனம் என்பவர்கள் சொற்களை மட்டும் தேடிப் போயிருக்கிறார்கள்.

ஜோ மீக்கின் காலம் இது.

1929-ல் குளோஸ்டர்ஷயரின் நியூவென்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். விமானப் படையில் ரேடார் பழுதுபார்த்து, மின்வாரியத்தில் வேலை செய்து, லண்டன் வந்து ஒலிப்பதிவாளரானார். ஐ.பி.சி. ஒலிக்கூடத்தில் 1956-ல் ஹம்ஃப்ரி லிட்டில்டனின் ‘பேட் பென்னி ப்ளூஸ்’ பதிவில் பியானோவின் இடதுகைப் பகுதியை வேண்டுமென்றே கனமாக்கித் தள்ளியதிலேயே கைரேகை தெரிகிறது. அவருக்கு சுரக்குறிப்பு எழுதத் தெரியாது. வாத்தியம் வராது. பாடினாலோ அபசுரம். மனதிலிருந்த மெட்டைச் சம்பந்தமில்லாத வேறொரு பின்னணி இசைமேல் முனகிப் பதிவுசெய்து, ‘இதை வாசியுங்கள்’ என்று கொடுப்பாராம். கொடுக்கப்பட்டவர்களின் பொறுமையைத் தனியாகப் பாராட்ட வேண்டும்.

இ.எம்.ஐ. கூடத்தில் வெள்ளை மேலங்கி போட்ட பொறியாளர்கள் இருந்தார்கள், விதிமுறைகள் இருந்தன, ஒலிமானி முள் சிவப்பைத் தொட்டால் குற்றம். மீக்குக்கு அந்தச் சிவப்புப் பகுதிதான் வீடு. யாரோடும் ஒத்துப்போகாமல், 1960-ல் ‘ட்ரையம்ப்’ என்று சொந்தமாகத் தட்டு நிறுவனம் தொடங்கினார். மைக்கேல் காக்ஸின் ‘ஏஞ்சலா ஜோன்ஸ்’ பட்டியலில் ஏறியபோது, கேட்ட எண்ணிக்கையில் தட்டு அச்சடிக்க அந்தச் சிறிய நிறுவனத்தால் முடியவில்லை. அங்கே ஒரு பாடம் கற்றார்: பாட்டை நாமே பதிவுசெய்து முடிப்பது, முடித்த நாடாவைப் பெரிய நிறுவனத்துக்கு உரிமை கொடுத்து அவர்களை அச்சடிக்க வைப்பது. இன்று சர்வசாதாரணமான இந்த ஏற்பாடு அன்றைய பிரிட்டனில் ஏறக்குறைய கேள்விப்படாதது.

இடம், 304 ஹாலோவே சாலை. கீழே தோல்பைக் கடை, மேலே மூன்று தளம். தரையெல்லாம் ஒயர். ‘ஜானி ரிமெம்பர் மீ’ பதிவானபோது வயலின்காரர்கள் மாடிப்படியில், கோரஸ் குளியலறையில், பாடகர் ஜான் லேட்டன் ஒரு திரைக்குப் பின்னால். குளியலறை ஓடுகள் தந்த எதிரொலியை இ.எம்.ஐ. தன் எதிரொலி அறையிலிருந்து எடுத்திருக்க முடியாது. ஜெஃப் கோடர்ட் எழுதிய அந்தப் பாட்டில் செத்துப்போன காதலி காற்றில் கூப்பிடுகிறாள். பிபிசி முகம் சுளிக்கும் என்பதால் செத்தவள் பிரிந்தவளாக்கப்பட்டாள். ஆனால் பின்னணியில் அலறும் அந்தப் பெண்குரலைக் கேட்ட யாரும் அவள் ரயிலேறி ஊருக்குப் போனதாக நம்பியிருக்க மாட்டார்கள். லேட்டன் ஒரு தொலைக்காட்சித் தொடரில் பாப் பாடகர் வேடத்தில் இதைப் பாடினார். 1961 கோடையின் முடிவில் முதலிடம். சவக்குழியும் குதிரைக் குளம்பொலியும் கலந்த இந்தச் சரக்கு வெளிவந்த ஆண்டைத்தான் ‘பாதுகாப்பான மெல்லிசையின் ஆண்டு’ என்கிறார்கள்.

அடுத்த ஆண்டு ஜூலை 10 அன்று டெல்ஸ்டார் செயற்கைக்கோள் மேலே போனது. அட்லாண்டிக்கைக் கடந்து வந்த தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்த மீக் தூங்கவில்லை; அதன் பெயரிலேயே ஒரு மெட்டுக் கட்டினார். அதை வாசித்த டோர்னடோஸ் குழுவினர் அப்போது கிரேட் யார்மத்தில் பாடகர் பில்லி ஃப்யூரிக்குப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்தவர்கள். அவசரமாக வந்து பதிவுசெய்துவிட்டு ஓடினார்கள். பிரதான மெட்டைப் பிறகு கிளாவியோலினில் வாசித்துச் சேர்த்தவர் கோடர்ட். நம் காதுக்கு இந்த வாத்தியம் புதிதல்ல. 1954-ல் ‘நாகின்’ இந்திப் படத்தில் மகுடியாக ஊதி இந்தியா முழுவதையும் ஆட்டிவைத்தது இதே கிளாவியோலின்தான்; வாசித்தவர் பின்னாளில் இரட்டை இசையமைப்பாளர்களில் ஒருவரான கல்யாண்ஜி. பம்பாயில் பாம்பு, லண்டனில் செயற்கைக்கோள்!

‘டெல்ஸ்டார்’ ஆகஸ்ட் 17 அன்று வெளிவந்தது. அதற்கு முந்தின நாள், சென்னையில் பிறந்த டிரம்மர் பீட் பெஸ்டை பீட்டில்ஸ் வெளியே அனுப்பியிருந்தது. வரலாறு முன்தினத்தை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. ‘டெல்ஸ்டார்’ பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். டிசம்பரில் அமெரிக்கப் பட்டியலின் உச்சியையும் தொட்டது. அங்கே முதலிடம் பெற்ற முதல் பிரிட்டிஷ் குழு டோர்னடோஸ். பீட்டில்ஸ் அங்கே போய் இறங்க இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. இன்னொன்று: 1962 புத்தாண்டு நாளில் பீட்டில்ஸைப் பாடவைத்துப் பார்த்துத் திருப்பியனுப்பிய டெக்காவை எல்லோரும் முட்டாள் என்கிறார்கள். ‘டெல்ஸ்டாரை’ வெளியிட்டதும் அதே டெக்கா, அதே ஆண்டு.

மீக்கின் பணம் வரவில்லை. ‘ஆஸ்டர்லிட்ஸ்’ திரைப்பட இசையிலிருந்து மெட்டைத் திருடிவிட்டார் என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜான் லெத்ரூ வழக்குப் போட, உரிமைத்தொகை முழுவதும் முடங்கியது. 1964-ல் ஹனிகோம்ப்ஸின் ‘ஹேவ் ஐ த ரைட்’ மூன்றாவது முதலிடம் கொடுத்தது. அந்தத் தாளத்துக்குக் குழுவினர் மாடிப்படியை மிதித்துக் குலுக்கினார்கள். அதன் பிறகு சரிவு. அவர் செய்ததில் பாதி குப்பை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாட வராத ஹைன்ஸை நட்சத்திரமாக்க அவர் கொட்டிய உழைப்பு பரிதாபம். ஓரினச்சேர்க்கை சட்டப்படி குற்றமாக இருந்த நாட்டில் பிடிபட்டு, அபராதம் கட்டி, மிரட்டல்களுக்குப் பயந்து, மாத்திரைகளில் மூழ்கினார். 1967 பிப்ரவரி 3, பட்டி ஹாலி இறந்த அதே தேதியில், வீட்டுக்காரம்மா வயலட் ஷென்டனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ‘துயர மேதை’ என்று உருகி எழுதுகிறவர்கள் அந்த அம்மாளை ஒரு துணைப் பாத்திரமாக்கிவிடுவது எனக்குக் கூசுகிறது. மேல்மாடிக் கூச்சலைப் பொறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி. மேதைமை அந்தக் கொலைக்குச் சமாதானமாகாது. ‘டெல்ஸ்டார்’ வழக்கு மீக்குக்குச் சாதகமாக முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பீட்டில்ஸைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 1963-ன் மகத்துவம் பாட்டெழுதுவதில், சேர்ந்து பாடும் அந்தக் குரல் திரட்சியில் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டின் லிவர்பூல் தட்டுகள், ஒலி என்ற அளவில், மேடையில் வாசித்ததை நேர்மையாகப் பிடித்தவை. மேடையில் எங்கும் இருக்க முடியாத ஒலியை நாடாவிலேயே கட்டுவது, ஒலிக்கூடத்தையே வாத்தியமாக்குவது என்ற வழி 1966, 67-ல் திடீரென்று திறந்ததாக எழுதுகிறோம். 1960-ல் ‘ஐ ஹியர் எ நியூ வேர்ல்ட்’ என்று நிலவில் வாழும் உயிர்களுக்கு இசையமைத்து, நாடாவை வேகம் மாற்றி ஓட்டி, வாங்க ஆளில்லாமல் மூலையில் போட்டவர் அந்த வழியில் முன்னமே நடந்துவிட்டிருந்தார். மீக் இறந்து மூன்று மாதம் கழித்து பீட்டில்ஸ் ‘பேபி யூ ஆர் எ ரிச் மேன்’ பதிவுசெய்தார்கள். அதில் நெளிந்து வரும் அந்த விசித்திர ஓலத்தை உற்றுக் கேளுங்கள். ஜான் லெனன் வாசிப்பது கிளாவியோலின்.

இன்று ஒருவர் படுக்கையறையில் கணினியை வைத்துக்கொண்டு உலகம் கேட்கும் பாட்டைச் செய்கிறார். அவருடைய பூர்வீகத்தைத் தேடினால், நால்வர் குழு நின்ற கேவர்ன் நிலவறைக்கு முன்னால் ஹாலோவே சாலை மாடிப்படிதான் வரும். அறுபதுகளின் வரலாற்றை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

மீக் விட்டுச்சென்ற 1,800-க்கும் மேற்பட்ட நாடாக்கள் தேயிலைப் பெட்டிகளில் திணிக்கப்பட்டு ஐம்பதாண்டுக்கு மேல் ஒருவர் வசம் கிடந்தன. 2020-ல் அவற்றை செர்ரி ரெட் நிறுவனம் வாங்கியது. தொகுப்புகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. பாலைவனத்தைப் பற்றி அடுத்து எழுதப்போகிறவர் அவற்றைக் கேட்டுவிட்டு எழுதட்டும்.