மார்கழிக்குச் சுக்குக் காப்பி

குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குத்துக்கல்வலசையில் தண்ணீர் உறைவதில்லை. ஆனால் மார்கழி விடியலில் மலைப்பக்கமிருந்து வரும் குளிர் காதைத் தேடிப் பிடிக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் பாதி குளிர் போகும். மீதிக்குச் சுக்குக் காப்பி.

அதன் ருசி இடிப்பதில் இருக்கிறது. முதலில் சுக்கின் மேல்தோலைச் சுரண்டிவிட வேண்டும். புறணி ஆகாது என்பது பெரியவர்கள் சொல். பிறகு தட்டி, வறுத்த மல்லி, நாலு மிளகு சேர்த்து இடிக்க வேண்டும். நைசாக அரைத்தால் தொண்டையில் மாவாய் ஒட்டும். கொரகொரப்பாக இருந்தால் சக்கை அடியில் தங்கி, காரம் மட்டும் மேலே வரும். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டினால் மண் நிற்கும்.

இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால், ஷோகாலாக மாறுகிறது. சுக்குக்குக் காரம் கூடுவது அதனால்தான். சூட்டை உணரும் நரம்புகளையே இந்தக் காரமும் தூண்டுகிறது. தம்ளர் ஆறிய பின்னும் தொண்டை கதகதவென்று இருக்கிறது.

குற்றால அருவியில் விடியற்காலையில் குளித்துவிட்டு நடுங்கி வரும் ஐயப்ப பக்தர்களுக்கும் இதுவே கைகொடுக்கிறது. கருப்பட்டிக்குப் பதில் சீனி போடும் கடையை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.