‘சமைத்துப் பார்’: ஒரு வணிகனின் வாசிப்பு

எஸ். மீனாட்சி அம்மாள் தம் வீட்டு அடுப்பங்கரையில் கற்றதை 1951இல் ‘சமைத்துப் பார்’ என நூலாக்கினார். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அது தாய்வீட்டுச் சீதனம். கடைக்காரனான எனக்கு அவரிடம் பிடித்தது அளவு. கண்மதிப்பு என்று விட்டுவிடமாட்டார்.

ஆனால் ஒரு குறை. கிழங்குகளை விலக்கி, பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் எங்கள் சமண வீட்டுக்கு அதில் தனி வழி சொல்லப்படவில்லை. என் துணைவியார் அதைக் குறையாகவே நினைக்கலை. உருளைக்கிழங்கு வரும் இடத்தில் வாழைக்காய் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துவைத்தார். “பார்னுதானே சொல்லியிருக்கு?” என்பார்.

வாசகர் எழுத இடம் கொடுப்பதே நல்ல சமையல் நூலுக்கு இலக்கணம் என்பது என் துணிபு. அந்தப் பென்சில் எழுத்து இப்போது மங்கி வருகிறது. பேத்திக்காக மையால் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்பர்களே, உங்கள் வீட்டு ஓரக்குறிப்புகளையும் காப்பாற்றுங்கள்.